புட்டியில் அடங்காத குரல்

ஒரு தவளையின் குரலை உயிரோடிருக்கும் எவரும் கேட்டிராதபோதும் அதற்கு முறையான பெயர் சூட்டிவிடலாம். அந்தப் பெயர் உலகமெங்கும் செல்லும். இந்த ஏற்பாட்டில் தவறில்லை என்று அறிவு ஒப்புக்கொள்கிறது. மனம்தான் ஒப்பாமல் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. 2007 இல் இலங்கையின் புதர்த் தவளைகளில் இரண்டுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள்: மாயா, பார்டஸ். 19ஆம் நூற்றாண்டில் பிடிக்கப்பட்டு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த உடல்கள் அவை. நூறாண்டுக்கும் மேல் அலமாரியில் வேறு இனங்களோடு இனமாகக் கிடந்தவற்றை எடுத்துப் பார்த்து, இவை தனி என்று கண்டுகொண்ட அதே கட்டுரையில், இவை அற்றுப்போய்விட்டன என்றும் எழுத வேண்டியிருந்தது. அழிந்ததன் துயரம் ஒருபுறம் இருக்கட்டும். என்னை அலைக்கழிப்பது அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறொன்று. ஆண் தவளை தன் வாழ்நாள் முழுக்க எதைச் சொல்லித் தன்னை இன்னதென்று அறிவித்துக்கொண்டிருந்ததோ, அந்த ஒன்று எங்கும் பதிவாகவில்லை. ஆனாலும் அது இன்னதென்று நாம் தீர்மானித்துவிட்டோம். அந்த உயிருக்கு முக்கியமாக இருந்ததும் நமக்கு முக்கியமாகத் தெரிந்ததும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்றால், நாம் வகைப்படுத்தியது எதை?

புதர்த் தவளைகள் மிகச் சிறியவை. பல இனங்கள் கட்டைவிரலின் மேல்கணு அளவுதான் இருக்கும். வால்பாறையில் தேயிலைச் சரிவும் சோலைக்காடும் சந்திக்கிற ஓரங்களில், தென்மேற்குப் பருவமழையின் முதல் சாரல் விழுந்த இரவுகளில் நின்றால் அவை இருக்கின்றன என்பது தெரியும். எங்கே என்பது தெரியாது. இலையிலிருந்து நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே டிக், டிக், டிக் என்று ஒன்று தொடங்கும். சற்றுத் தள்ளி ட்ரீக் என்று இழுத்து இன்னொன்று. டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினால் ஒலி நின்றுபோகும். விளக்கை அணைத்துவிட்டு, காலில் ஏறும் அட்டைகளைப் பொறுத்துக்கொண்டு காத்திருந்தால் இரண்டடி தள்ளி வேறொரு இலையிலிருந்து வரும். ஒன்றைக் கண்ணால் காண்பதற்குள் பத்தைக் காதால் கேட்டிருப்போம். கூப்பிடுவது ஆண். அப்போது அதன் தொண்டைத் தோல் ஏறக்குறைய உடலளவுக்கு உப்பி, டார்ச் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. பெண் இருட்டில் அமர்ந்து கேட்கிறது. தன் இனத்தின் குரலை மற்றவற்றிலிருந்து பிரித்து அதை நோக்கி நகர்கிறது. அதற்குப் பிறகு நடப்பதும் மற்றத் தவளைகளுக்கு நடப்பதுபோல் இல்லை. குளமோ குட்டையோ தேவையில்லை. இலையின் அடியிலோ ஈரமண்ணிலோ இடப்பட்ட முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் கழிந்து, நான்கு கால்களோடு குஞ்சுத் தவளை வெளியே வருகிறது. நீர்நிலையிலிருந்து விடுபட்டுவிட்டன, ஈரத்திலிருந்து விடுபடவில்லை. இந்த இரண்டு செய்திகளுக்குள் அவற்றின் வரலாற்றில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. குளமே இல்லாத மலைமுகட்டிலும் அவை பெருகலாம். ஆனால் அந்த முகட்டின் ஈரக்காட்டை விட்டு இறங்கி, காய்ந்த பள்ளத்தைக் கடந்து, அடுத்த மலையில் ஏற முடியாது. ஆகவே மலைக்கு மலை, உயரத்துக்கு உயரம் அவை தனித்தனியாகப் பிரிந்துபோயின.

இவற்றுக்குப் பெயர் வந்த விதம் ஒரே இடப்பெயர்ச்சி. 1838 இல் ச்சூடி என்பவர் ஆர்கெஸ்டிஸ் என்றொரு பேரினத்தை உண்டாக்கினார். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு வண்டுக்கு இருந்தது. 1841 இல் இக்ஸாலஸ் வந்தது. அதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பாலூட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். 1848 இல் கிஸ்டெல் வைத்த ஃபைலாட்டஸ் என்பதுதான் கடைசியில் நின்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஜாவாவிலும் போர்னியோவிலும் இருந்த சின்னஞ்சிறு மரத்தவளைகள் பலவும் நெடுங்காலம் அந்த ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஜெர்டன், பெட்டோம், கெலார்ட் போன்றவர்கள் இங்கும் இலங்கையிலும் உள்ள மலைகளில் பிடித்தார்கள். குந்தரும் அவருக்குப் பின் பூலஞ்சரும் லண்டனில் அமர்ந்து விவரித்தார்கள். உடலைக் கெடாமல் வைக்கப் புட்டியில் ஊற்றும் சாராயம் முதலில் நிறத்தைத்தான் தின்னும். பச்சைத் தோலிலுள்ள மஞ்சள் நிறமி கரைந்து வெளியேற, நீலம் மிஞ்சும். பிறகு அதுவும் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். மிஞ்சியதை அவர்கள் அளந்தார்கள்: கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் உள்ள தூரம், விரல்நுனித் தட்டின் அகலம், செவிப்பறை வெளியே தெரிகிறதா, தோல் வழவழப்பா சொரசொரப்பா. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கையில் இருந்ததை வைத்து அவர்கள் செய்தது பொறுமையின் உச்சம். குந்தர் பிரித்த பல இனங்கள் இன்றும் பிரிந்தே நிற்கின்றன. இருந்தாலும், மலையில் வாழ்ந்த ஜெர்டன் நீலகிரித் தவளை ஒன்றுக்கு வைத்த பெயரைப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஆறுதல் உண்டாகிறது. டின்னியன்ஸ்: கணகணவென்று ஒலிப்பது. காதால் அறிந்த ஒருவர் வைக்கக்கூடிய பெயர் அது. கடல் கடந்து வந்த உடலைப் பார்த்து அப்படி ஒரு பெயர் வைத்திருக்க வழியில்லை.

உடல் எவ்வளவு சொல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஓர் உயிரின் கதை எனக்கு உணர்த்தியது. பெட்டோம் திருவிதாங்கூர் மலைகளிலிருந்து அனுப்பியவற்றைக் கொண்டு 1876 இல் குந்தர் இக்ஸாலஸ் சலசோடிஸ் என்று ஒன்றை விவரித்தார். அதன்பின் அது கண்ணில் படவே இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, காணாமல்போன தவளைகளைத் தேடும் முயற்சி ஒன்றின்போது திரும்பக் கிடைத்தது. மின்னும் பச்சை உடல், சாம்பல் நீலத் தொடை, பொன் தூவிய கண். நிறங்கள் திரும்பி வந்தன. ஆனால் அதைவிடப் பெரிய செய்தி பிறகுதான் வந்தது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் சேஷாத்ரியும் அவரோடு உழைத்தவர்களும் இந்தத் தவளை எங்கே குடியிருக்கிறது என்பதைக் கண்டு 2015 இல் எழுதினார்கள். மெல்லிய மூங்கிலின் கணுவிடையில், அடிப்பக்கமாக, கீறல்போல ஒரு திறப்பு. அதன் வழியே உடலை நெளித்து உள்ளே போய்விடுகிறது. உள்ளிருந்தபடியே ஆண் கூப்பிடுகிறது. பெண் உள்ளே வந்து சுவரில் சில முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு பொரியும்வரை ஆண்தான் காவல். லண்டனில் இருந்த உடலை எத்தனை முறை அளந்தாலும் மூங்கில் தெரிந்திருக்காது. அந்தத் தவளையின் வாழ்க்கை மொத்தமும் மூங்கிலுக்குள் இருக்கிறது. அதன் அறிவியல் இருப்போ நூறாண்டுக்கு மேல் மூங்கிலே இல்லாமல் நடந்திருக்கிறது. காட்டில் மூங்கில் வெட்டப் போனவர்கள் கழியின் உள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்களா என்று யோசிக்கிறேன். கேட்டிருப்பார்கள். கேட்டதை யாரிடம் சொல்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

உடலே தொலைந்துபோனாலும் ஒரு பெயர் தத்தளித்தபடி உயிரோடிருக்கும். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த சி. ஆர். நாராயண ராவ், கரண்ட் சயன்ஸ் இதழின் முதல் ஆசிரியர். 1937 இல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றுக்கு அவர் பெயர் வைத்தார். அவர் வைத்திருந்த மூல மாதிரிகள், அதாவது எந்த உடலைக் கண்டு பெயர் வைத்தாரோ அந்த உடல்கள், பின்னாளில் தொலைந்துவிட்டன. அவர் குறித்தது எந்தத் தவளை என்பதை அறிய அவர் எழுதிய ஊருக்கே போக வேண்டியதாயிற்று. சாரியஸ் என்று அவர் பெயரிட்ட புதர்த் தவளைக்கு ஊர் கர்நாடகத்தின் கொட்டிகெஹாரா. அங்கே இன்று கூப்பிடுகிற தவளைகளில் அவர் சொன்ன அடையாளங்கள் எதற்குப் பொருந்துகின்றன என்று தேட வேண்டும். அப்படிப்பட்டவரின் பெயரைத்தான் 2010 இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகளுக்கான புதிய பேரினம் ஏற்றுக்கொண்டது. ஆனைமுடியின் உச்சிப் பகுதியில், புல்லடியில் ஊர்ந்து திரியும் செம்மஞ்சள் நிறத் தவளை ஒன்றை எஸ். டி. பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் விவரித்தபோது ராவோர்கெஸ்டிஸ் பிறந்தது. ராவின் பெயரும் வண்டிடம் தோற்ற பழைய ஆர்கெஸ்டிஸும் அதில் இணைந்திருக்கின்றன. அந்தப் பேரினத்துக்கு அவர்கள் கொடுத்த அடையாளங்களில் சிறிய உடல், மேலண்ணப் பற்கள் இல்லாமை, இரவில் நடமாட்டம், தலைப்பிரட்டை இல்லாத வளர்ச்சி ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: கூப்பிடும்போது ஒளி ஊடுருவும் பெரிய குரல்பை. அந்த வரியில் வெகுநேரம் நின்றேன். கூப்பிடும்போது. செத்த உடலில் அதைச் சரிபார்க்க முடியாது. வகைப்பாட்டின் இறுகிய மொழிக்குள் ஒரு தவளை உயிரோடு இருந்தாக வேண்டிய நிபந்தனை நுழைந்துவிட்டது. சிறிய விஷயம்தான். எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

இந்தப் பேரினம் உருவாவதற்கு முன்பே மூலக்கூறுகள் பேசத் தொடங்கியிருந்தன. 2002 இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை ஒன்று, இலங்கையில் எஞ்சிய ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டுக்குள் இவ்வகை மரத்தவளைகள் 140 இனங்கள் வரை இருக்கக்கூடும் என்றது. அதுவரை சிறிய கூட்டம் என்று நினைத்திருந்ததற்குள் இத்தனை பேர். 2004 இல் பொசைட்டும் அவரது குழுவினரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே உயிர்வளப் பகுதியாகச் சேர்த்துச் சொன்னாலும் இரண்டின் உயிர்களும் நெடுங்காலமாகத் தனித்தனியே வளர்ந்தவை. 2009 இல் இலங்கைக் கிளைக்கு சூடோஃபைலாட்டஸ் என்ற பழைய பெயரைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். இதில் என்னை நிறுத்திவைப்பது கடல் அல்ல. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது தரை. அதற்கு முன்பும் பலமுறை அப்படி ஆனதுண்டு. வழி திறந்தே இருந்தும் தவளைகள் வரவில்லை. இராமநாதபுரத்திலும் மன்னாரிலும் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் அந்த மண்ணை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். முட்டையை நனைத்துவைக்க ஓர் இலையடி ஈரம்கூட இல்லாத சமவெளி அவற்றுக்குக் கடலைவிட அகலமானது. ஆயினும் நெடிய காலத்தில் விதிவிலக்குகள் நேர்ந்தன. இந்தியாவிலிருந்து மூதாதை ஒன்று தீவுக்குப் போய் அங்கே பல்கிப் பெருகியது. பின்னர் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு கிளை திரும்பி இங்கே வந்தது. வயநாடென்சிஸ், மகாராஷ்டிரத்தின் அம்போலி, அகத்தியமலைக் காணி மக்களின் பெயர் தாங்கிய கானி ஆகியவை அப்படித் திரும்பியவற்றின் வழித்தோன்றல்கள். இன்று அகத்தியமலையில் ராவோர்கெஸ்டிஸும் கானியும் ஒரே இரவில் கூப்பிடுகின்றன. தோற்றத்தில் உறவினர் என்று ஊகிக்கலாம். இடையில் இருப்பது ஒரு தீவும் லட்சக்கணக்கான ஆண்டுகளும் என்பதை மரபணு இல்லாமல் யாரும் அறிந்திருக்க முடியாது.

இங்கே வந்து நிற்கும்போது என் உறுத்தலையே நான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. குரல்தான் உண்மையான எல்லை, உடல் வெறும் சாட்சி என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. அப்படிச் சொல்ல முடியாது. குரல் குளிரில் தளர்கிறது. ஒரே தவளை வெப்பமான இரவில் வேகமாகவும் பனி இறங்கிய இரவில் மெதுவாகவும் துடிப்புகளை விடும். பதிவு செய்த நேரத்தின் வெப்பநிலையைக் குறிக்காத ஒலிப்பதிவு பாதிச் செய்திதான். அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றும் உண்டு. குரல் வேறுபட்டாக வேண்டிய நெருக்கடி, பக்கத்தில் குழப்பம் விளைவிக்கக்கூடிய இன்னொருவர் இருக்கும்போதுதான் வலுவாக எழுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் இரு கரைகளில் ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு கூட்டங்கள் இருந்தால், பல லட்சம் ஆண்டுகள் பிரிந்திருந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். காதை மட்டும் நம்பினால் அவற்றை ஒன்றாக்கிவிடுவோம். மரபணுவை மட்டும் நம்பினால் எங்கே கோடு போடுவது என்பது கணக்கிடுபவரின் துணிச்சலைப் பொறுத்ததாகிவிடும். 2002 இல் 140 வரை என்றார்கள். இன்று பெயர் பெற்றுள்ள சூடோஃபைலாட்டஸ் இனங்கள் எண்பதை ஒட்டித்தான் நிற்கின்றன. மிச்சம் இனிமேல் விவரிக்கப்பட வேண்டியவையா, கோடு தளர்ந்ததால் ஒன்றுக்குள் ஒன்று சேர்ந்துவிட்டவையா என்பதற்கு ஒற்றை விடை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2014 இல் விஜயகுமாரும் கார்த்திக் சங்கரும் மற்றவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒன்பது புதிய ராவோர்கெஸ்டிஸ் இனங்களைப் பிரித்தபோது மரபுவழி, வாழிடம், உருவம், குரல் என்று பல சாட்சிகளை ஒருசேரக் கூப்பிட்டார்கள். அந்த முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. சாட்சிகளில் ஒன்று வாய் திறக்க முடியாமல் போன வழக்குகளே மனதை விட்டு அகல மறுக்கின்றன.

அவற்றில் ஒன்று டெம்பொராலிஸ். 1864 இல் குந்தர் இலங்கையிலிருந்து விவரித்தது. 1943 இல் லாரன் என்ற பெல்ஜிய ஆய்வாளர் சூடோஃபைலாட்டஸ் என்ற பேரினத்தை நிறுவியபோது அதற்கு ஆதார இனமாக இதைத்தான் தேர்ந்தார். ஆதலால் இன்று இலங்கையில் கூப்பிடும் அத்தனை புதர்த் தவளைகளின் பேரினப் பெயரும், அகத்தியமலைக்குத் திரும்பி வந்த கானியின் பேரினப் பெயரும், இந்த ஒரு தவளையின்மேல் நிற்கிறது. அதுவோ அற்றுப்போனவற்றின் பட்டியலில் இருக்கிறது. அதன் குரல் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சொல்கூட எழுத்தில் இல்லை. அது லண்டன் போன காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். கண்டிச் சீமையின் மலைகளில் காடு வெட்டிக் காப்பி நட்டுக்கொண்டிருந்த காலம். 1869 இல் இலைநோய் வந்து காப்பி சாய்ந்த பிறகு அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. இலங்கையின் அற்றுப்போன புதர்த் தவளைகள் பதினைந்துக்கும் மேல். அவற்றில் பல, காடு போன அந்தக் காலத்தில் பிடிபட்டு, பிறகு காணப்படாதவை. வெட்டியவர்களும் நட்டவர்களும் யார்? தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் கிளம்பி, தவளைகள் கடக்க முடியாத அதே காய்ந்த வழியில், மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள். காட்டோரத்து லயங்களில், தகரக் கூரையில் மழை விழும் இரவுகளில் படுத்திருந்த அவர்கள் காதில் அந்தக் குரல்கள் விழாமல் இருந்திருக்காது. இருட்டில் அத்தனை உரக்கக் கூப்பிடும் உயிர்கள் அவை. எந்தச் சத்தம் மழைக்கு முன், எது மழைக்குப் பின், எந்தச் சரிவு ஒரு வருஷம் திடீரென்று ஓசையற்றுப்போனது என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே யாரும் கேட்காத குரல் என்று நான் இதுவரை எண்ணிவந்தது சரியான சொல் அல்ல. கேட்டவர்கள் இருந்தார்கள். தவளையைப் பற்றி அவர்களிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை; அவர்களைப் பற்றியே அவர்களிடம் கேட்காத காலம் அது.

இன்றும் பெயர் வைப்பதற்கான பன்னாட்டு விதிகள் ஓர் உடலையே கோருகின்றன. ஒலிப்பதிவைப் பெயர் தாங்கும் மாதிரியாக ஏற்பதில்லை. விதியை மாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. உடல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ராவின் தவளைகளே காட்டிவிட்டன. ஆனால் விவரிப்பு எழுதுபவர்கள் விரல்நுனித் தட்டின் அகலத்துக்குக் கொடுக்கும் அக்கறையை அந்த இரவின் வெப்பநிலைக்கும், ஒலிப்பதிவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும், அந்தக் காட்டில் நடமாடும் மனிதர்கள் அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்கிறார்கள் என்பதற்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்பேன். வால்பாறையிலும் நீலகிரியிலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் புதர்த் தவளைகள் பல இன்று காட்டுத் துண்டுகளிலும் தேயிலைக்கு நடுவிலும் ஓடைக் கரைகளிலும் தோட்ட மக்களின் வீட்டுக்குப் பின்புறத்திலும்தான் வாழ்கின்றன. 1853 இல் கெலார்ட் விவரித்து, பிறகு அழிந்ததாகவே எழுதப்பட்டுவிட்ட ஸ்டெல்லாட்டஸ், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் சிவனொளிபாதமலைக் காட்டில் அகப்பட்டது; ஹைப்போமெலாஸும் அதே காட்டுப் பகுதியில் திரும்பக் கிடைத்தது. டெம்பொராலிஸும் எங்காவது ஒரு பள்ளத்தாக்கின் ஈர இடுக்கில் மிஞ்சியிருந்தால், அதை முதலில் கேட்பவர் ஆய்வாளராக இருக்கமாட்டார்; விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, கொழுந்துக்குப் போகத் தயாராகும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். ஒருவேளை அவர் இப்போதே கேட்டுக்கொண்டும் இருக்கலாம்.